இரண்டு விரல் இடைவெளி

அன்புள்ள லவோன்,

யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். மேல் தளத்தில் இடது முன் இருக்கையில் ஹாலிஸ் ப்ரூயிட், எங்கள் விண்ணோடத்தின் தலைவர். வலது முன் இருக்கையில் மார்னி, துணை ஓட்டுநர். அவர்கள் இருவருக்கும் பின்னால் நடுவில் டெஸ்மண்ட், மடியில் நடைமுறைப் புத்தகத்துடன். அவருக்கு வலப்பக்கம் யூலா. கீழ்த் தளத்தில் மூன்று பேர். படிக்கட்டை ஒட்டி ஜெரார்ட், நடுவில் ஜப்பானிலிருந்து வந்த கவோரு, கதவோரம் நான். கீழே இருந்தவர்களுக்குச் சன்னல் கிடையாது. நீ கடற்கரையில் நின்று பார்த்த நெருப்பும் புகையும் எங்கள் மூவருக்கும் தெரியாது. எதிரே சாமான் பெட்டிகள் அடுக்கிய சுவர்தான். சுவர் எட்டரை நிமிடம் உதறியது. பிறகு சட்டென்று நின்றது. கவோருவின் கையுறை ஒன்று மடியிலிருந்து கிளம்பி என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது, யாரோ காட்டுவதற்காகப் பிடித்திருப்பதைப் போல.

"வந்துட்டோம்," என்றாள் கவோரு.

இந்த ஏழு பேரில் ஆறு பேர் இன்று திரும்பக் கிளம்புகிறார்கள். நான் நான்கு மாதம் நிலையத்தில் தங்க வந்தவன். எனக்குப் பதிலாக ஏழாவது இருக்கையில் ரோவேனா பெக் வீடு திரும்ப வேண்டும். ரோவேனாவை உனக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இறைச்சி வாட்டிய அன்று உன் சட்டையில் கடுகுச் சாறு கொட்டியவள். ஆறு மாதமாக நிலையத்தில் இருக்கிறாள். நாலு மாதம் என்று போனவள். எங்கள் விண்ணோடம் இரண்டு மாதம் தாமதமானதால் மாட்டிக்கொண்டாள். அவள் கணவன் கென்ட் கடற்படைக்காரன். வருகிற பத்தொன்பதாம் தேதி அவன் கப்பல் கிளம்புகிறது, திரும்ப ஒன்பது மாதம் ஆகும். மகன் லினஸுக்கு நாலு வயது. ரோவேனா இந்த முறை இறங்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கென்ட்டின் அத்தை வீட்டில் விடுவதாகப் பேச்சு.

இது எல்லாமே எனக்குத் தெரியும். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும். நான் செய்த ஒரு காரியத்தை வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் படிக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மூன்றாம் நாள் நிலையத்தை நெருங்கினோம். மேல் தளத்துக்கு ஏறிப் போய் யூலாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கருப்பு. அதில் ஒரு வெள்ளைப் புள்ளி. நம் ஊர் நெடுஞ்சாலையில் எட்டு மைல் தள்ளியே தானியக் கோபுரம் தெரியுமே, போய்க்கொண்டே இருப்போம், கிட்டே வராதே, அது மாதிரிதான் இருந்தது. பிறகு சூரியன் எழுந்தது. புள்ளிக்குச் சிறகு முளைத்தது. சிறகுகள் செம்பு நிறமாகி, பொன்னாகி, பார்க்க முடியாத வெளிச்சமாயின. மார்னி தூரத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

அறுநூறு அடி கீழே நின்று ஹாலிஸ் விண்ணோடத்தை மெதுவாக ஒரு முழுக் குட்டிக்கரணம் போட வைத்தார். வழக்கம் அது. வயிற்றுப் பக்கத்து ஓடுகளில் எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று நிலையத்திலிருந்து படம் எடுப்பார்கள். எடுத்தவள் ரோவேனா.

"முதுகைச் சொறிஞ்சுக்கிட்டீங்களா? சரி, திரும்பி வாங்க," என்றாள் வானொலியில். ஆறு மாதத்துக்குப் பிறகும் அதே குரல்.

கடைசி முப்பது அடியை நொடிக்கு ஓர் அங்குலம் வீதம் போனோம். எங்கள் விண்ணோடம் நூறு டன். நிலையம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். இரண்டும் மணிக்குப் பதினேழாயிரம் மைல் வேகத்தில் ஓடுகின்றன. அந்த வேகத்தில் ஓடிக்கொண்டே ஒன்று மற்றொன்றைத் தொட்டபோது, கதவைத் தாழிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. காலில் ஒரு சின்ன நடுக்கம். அவ்வளவுதான். ஹாலிஸ் கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளங்கை வியர்வை உருண்டையாகப் பிரிந்து மிதந்தது. "கைக்குட்டை இருக்கா யாருகிட்டயாவது?" என்று கேட்டார்.

கதவு திறந்தது. நிலையத்துத் தலைவர் அர்காதி இவானோவிச் மணியை அடித்து எங்கள் பெயரைச் சொல்லி வரவேற்றார். உப்பும் ரொட்டியும் நீட்டினார். ரொட்டித் துணுக்கு பறக்காமலிருக்க, ஒரு வாய்க்கு ஒன்றாக முன்பே வெட்டி வைத்திருந்தார். அவருடைய இளைய சகா கோஸ்த்யா பின்னால் தலைகீழாக நின்று சிரித்துக்கொண்டிருந்தான். ரோவேனா என்னைக் கட்டிக்கொண்டதில் நாங்கள் இருவரும் சுழன்றுபோய்ச் சுவரில் இடித்தோம்.

"ஓரின்! என்ன இது, கால்சட்டை சுருங்கிடுச்சா? கணுக்கால் தெரியுது!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கால்சட்டையைக் கணுக்காலுக்கு இழுத்துவிட்டேன்.

இனி அந்த விஷயம். இங்கே வந்ததும் எல்லாருக்கும் முதுகெலும்பு நீளும். கீழே நம் எடை எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி வைத்திருக்கிறது. இங்கே அழுத்தம் போய்விடுவதால் அவை விலகிக்கொள்கின்றன. இரண்டு அங்குலம்வரை வளர்வோம். யாருக்கும் ஆச்சரியமில்லை, கணக்கில் வைத்துத்தான் எல்லாம் செய்கிறார்கள்.

நிலையத்தில் தங்குகிறவர்கள் ஆபத்து என்றால் தப்பிப் போக மூன்று பேர் உட்காரும் சின்ன ரஷ்ய விண்கலம் ஒன்று எப்போதும் கட்டப்பட்டிருக்கிறது. அது மண்ணில் இறங்குவது, இரண்டாம் மாடியிலிருந்து நாற்காலியோடு விழுவதைப் போன்றது. அதனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் முதுகின் வடிவிலேயே ஓர் அச்சு இருக்கை செய்திருப்பார்கள். தலை முதல் இடுப்புவரை உடம்பு அதற்குள் பொருந்திக் கிடந்தால்தான் அடி எல்லா எலும்புக்கும் பங்காகப் போகும். இல்லாவிட்டால் கழுத்து முறியும்.

மூன்று வருடத்துக்கு முன் அச்சு எடுக்க மாஸ்கோவுக்கு வெளியே ஒரு பட்டறைக்குப் போனேன். வெள்ளை உள்ளாடையோடு ஒரு தொட்டிக்குள் குந்த வைத்து, வெதுவெதுப்பான சாந்தை ஊற்றுவார்கள். அதற்கு முன் உட்கார்ந்த உயரத்தை அளப்பார்கள். அந்தக் கலத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. என் உயரம் உனக்குத் தெரியும். அப்பாவின் டிராக்டர் கூரையில் நான் இடிக்காத நாள் கிடையாது. வரம்பைவிட நான் ஒரு சென்டிமீட்டர் அதிகம்.

அளவெடுப்பு மாலை நான்கு மணிக்கு. அன்று காலை ஆறு மணியிலிருந்து நான் உட்காரவே இல்லை. முதுகுப் பையில் உடற்பயிற்சிக் கூடத்து இரும்புத் தட்டுகளைப் போட்டுச் சுமந்துகொண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே பத்து மணி நேரம் நடந்தேன். முதுகெலும்பு அமுங்கும், உயரம் குறையும். எங்கள் கூட்டத்தில் பல பேருக்குத் தெரிந்த தந்திரம்தான். யாரும் பேசிக்கொள்வதில்லை. வரம்புக்குள் அரை சென்டிமீட்டர் மீதியோடு தேறினேன். அந்த அமுங்கிய முதுகுக்குத்தான் அச்சு எடுத்தார்கள். இங்கே வளரப் போகும் அளவையும் அந்த அமுங்கிய முதுகிலிருந்தே கணக்கிட்டார்கள்.

இணைந்த மறுநாள் அச்சுகளை மாற்றும் வேலை. இது ஒரு சடங்கு மாதிரி, லவோன். ரோவேனாவின் அச்சு அந்தக் கலத்திலிருந்து வெளியே வந்து, என்னுடையது உள்ளே போகும் நிமிடத்திலிருந்து நான் நிலையத்துக்காரன், அவள் விண்ணோடத்துக்காரி. நடுவில் வேறு கையெழுத்து எதுவும் கிடையாது. ஆனால் அதற்கு முன் நான் உடையோடும் தலைக்கவசத்தோடும் படுத்துக் காட்ட வேண்டும். கவசத்தின் உச்சிக்கும் அச்சின் விளிம்புக்கும் நடுவே தலைவரின் இரண்டு விரல் போக வேண்டும். வாரை இறுக்காமல், உடம்பு தானாகக் கிடக்கும்போது அளப்பதுதான் விதி.

முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுத்தேன். அர்காதி இவானோவிச் என் தலைக்கு மேல் விரலை நுழைத்தார்.

"ஒண்ணு," என்றார். "ஓரின் கார்லோவிச், சரியா படுங்க. ரெண்டாவது போகல."

நம் அப்பா கார்லின் பெயரைச் சேர்த்து அவர் என்னை இப்படித்தான் கூப்பிடுவார். எனக்குப் பிடிக்கும். அன்று பிடிக்கவில்லை.

"மடிப்பு மாட்டியிருக்கு. ஒரு நிமிஷம்," என்றேன். உடையின் மடிப்புக்குள் கையை விட்டு, அவருக்குத் தெரியாத பக்கத்து இடுப்பு வாரை இழுத்து இறுக்கினேன். மூச்சை முழுக்க விட்டேன். தோளை ஒடுக்கினேன்.

"இப்போ?"

இரண்டாவது விரல் உரசிக்கொண்டு போனது.

"போகுது," என்றார். குறித்துக்கொண்டார்.

கலத்தின் கதவு வழியாக ரோவேனா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் பேசினாள். திரைக்கு அந்தப் பக்கம் லினஸ், "அம்மா, உன் நாற்காலி மாத்தியாச்சா?" என்று கேட்டதை நானும் கேட்டேன். அந்த வீட்டில் அவ்வளவு விவரம். "மாத்தியாச்சுடா தங்கம்," என்றாள்.

நான்கு நாள் என்னால் அதை மறந்து வேலை செய்ய முடிந்தது. இங்கே மறப்பது எளிது. வேலை பார்க்கும் கூடத்தின் தரையில் ஒரு வட்டச் சன்னல் இருக்கிறது. பூமி அதன் வழியே போய்க்கொண்டே இருக்கும். ஒரு கை வேலையை முடித்துவிட்டுக் குனிந்தால் சகாராவின் மணல், விரலால் வருடியது போன்ற கோடுகளோடு. மறுபடி குனிந்தால் இந்தியப் பெருங்கடலில் சூரியன் கொட்டிய வெள்ளி. ஒருமுறை பசிபிக்கின் மேல் ஒரு புயல், நடுவில் கண் திறந்து என்னையே பார்த்தது. அத்தனை பெரிய காற்றிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் பள்ளியில் வரைந்த வரைபடங்களில் நாடுகளுக்கு நிறம் அடிப்போமே, அந்த நிறங்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. நானூறு கிலோமீட்டர் கீழே எல்லாமே ஒரே உடம்பாகக் கிடந்தது, மெல்லிய நீலத் தோல் போர்த்தி. அந்தத் தோலின் கனம் பார்த்தபோது எனக்குக் கை கூப்ப வேண்டும்போல் இருந்தது. பிரார்த்தனையெல்லாம் விட்டு எத்தனை வருடம் ஆகிறது, உனக்கே தெரியும்.

எட்டாம் நாள், அதாவது நேற்று, மூன்றாவது வெளிநடை. டெஸ்மண்டும் கவோருவும் வெளியே. நிலையத்தின் நீளக் கரத்தை உள்ளேயிருந்து நான் இயக்கினேன். மார்னி பக்கத்தில் நடைமுறைப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் மூன்று திரைகள். கரத்தின் நுனியில் ஒரு மிதிப்பலகை, அதில் கால்களை மாட்டிக்கொண்டு டெஸ்மண்ட். அவர் இரண்டு கையாலும் ஒரு குளிர்ப்பு எந்திரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். குளிர்சாதனப் பெட்டியைவிடப் பெரிது. அதைப் பிடித்தால் முன்னால் எதுவும் தெரியாது. அதை ஒரு சட்டத்துக்குள், இரு பக்கமும் உரசாமல் நுழைக்க வேண்டும். கவோரு மறுபக்கத்தில் திருகாணியோடு காத்திருந்தாள். பாதி வழியில் அவள் இருந்த இடத்திலிருந்து இடதுபக்கம் மறைந்துவிட்டது. அதன்பிறகு என் ஒரே ஒரு திரையில்தான் அந்த இடைவெளி தெரிந்தது.

"ஓரின், இனிமே உன் கண்ணுதான்," என்றாள் கவோரு.

"ஆறு அங்குலம்," என்றேன். "அஞ்சு. நாலு."

அப்போது விடிந்தது. இங்கே தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை விடியும், ஆனாலும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பூமியின் ஓரத்தில் முதலில் ஒரு நீல நூல். அது வெடித்து ஆரஞ்சு, சிவப்பு. கருப்பில் தொங்கிக்கொண்டிருந்த டெஸ்மண்டின் வெள்ளை உடை காலிலிருந்து தலைவரை நெருப்பைப் போல ஏறியது. அறுபதடிக் கரத்தின் நுனியில், அவர் காலுக்குக் கீழே ஆண்டிஸ் மலை பனியோடு உருண்டு வந்தது. ஒரு மனிதன், இரண்டு கால்கட்டு, முழு உலகம். எண் சொல்ல மறந்துவிட்டேன்.

"ஓரின்?" டெஸ்மண்டின் குரல். "எண்ணு சொல்லுப்பா. எனக்கு முன்னாடி ஒரு பொட்டிதான் தெரியுது."

"மூணு. ரெண்டரை. ரெண்டு. நிறுத்துறேன். இடது பக்கம் ரெண்டு அங்குலம் இருக்கு."

"ரெண்டு இருக்கா?"

"இருக்கு."

"நீ சொன்னா சரி," என்றார். தள்ளிவிட்டார்.

முந்நூறு கிலோ எந்திரம் இருட்டான சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. கவோரு திருகத் தொடங்கினாள். மார்னி என் முதுகில் தட்டி, "இந்தா, தண்ணி குடி," என்றாள்.

டெஸ்மண்டால் அந்த இரண்டு அங்குலத்தைப் பார்க்க முடியாது, லவோன். எந்திரம் இடித்து உடை கிழிந்தால் பதினைந்து நொடியில் நினைவு போய்விடும். இருந்தும் நான் சொன்ன எண்ணைக் கேட்டு இரண்டு கையையும் நீட்டினார். இந்த நிலையமே அப்படித்தான் கட்டியிருக்கிறது. பதினாறு நாட்டுக்காரர்கள், ஒருவர் சொன்ன அளவை இன்னொருவர் நம்பி, முன்பின் பார்க்காத இரண்டு துண்டுகளை வானத்தில் கொண்டுவந்து ஒட்ட, அவை பொருந்தின. சன்னலில் பார்த்த புயலைவிட எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது. அதற்குள்ளே நான் ஒரு பொய் எண்ணைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

வெளிநடை முடிந்து அவர்கள் உள்ளே வந்ததும் நேராக ரோவேனாவிடம் போனேன். அவள் ஒரு வலைப் பையில் தன் சாமான்களைத் திணித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இரும்புத் தட்டு, வார், மூச்சு.

அவள் திணிப்பதை நிறுத்தினாள்.

"என்கிட்ட எதுக்குச் சொன்ன?"

"நீதானே முதல்ல..."

"நாளைக்கு மத்தியானம் கதவை மூடுறாங்க. நான் போனப்புறம் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? இல்ல, நாலு நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம்ல? நடுவுல எதுக்குடா? நீ இப்போ மனசு லேசாகி நிக்கிற. நான் என்ன பண்ணட்டும்? வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போகட்டுமா?"

வலைப் பையிலிருந்து நழுவிய காலுறையை எட்டிப் பிடித்து அவளிடம் நீட்டினேன்.

"கென்ட்டுக்குப் பத்தொன்பதாம் தேதி," என்றாள். அழவில்லை. இங்கே அழுதால் கண்ணீர் விழாது, கண்ணிலேயே பந்தாக நிற்கும், எரியும். அதனால் பழகியவர்கள் அழமாட்டார்கள். "வா. அர்காதிகிட்ட போவோம். நீயே சொல்லு. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

அர்காதி இவானோவிச் ஓடும் எந்திரத்தில் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். நின்று கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"உங்க கழுத்து உடைஞ்சா அது உங்க பாடு, ஓரின் கார்லோவிச். ஆனா கலம் தண்ணில விழுந்தா, கழுத்து உடைஞ்சவனை அந்தப் பீப்பாய்க்குள்ளேருந்து யார் இழுக்குறது? நானும் கோஸ்த்யாவும். அதை யோசிச்சீங்களா?"

"யோசிக்கல."

"என் விரலை ஏமாத்திட்டீங்க," என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகம். "இருபத்தஞ்சு வருஷமா இந்த விரலால அளக்கறேன்."

ஹாலிஸ் தரையோடு தனி அலைவரிசையில் பேசினார். நாற்பது நிமிடம். நாங்கள் கதவுக்கு வெளியே காத்திருந்தோம். வந்தவர் சுற்றி வளைக்கவில்லை.

"ரோவேனா, விண்ணோடத்துல கட்டி வெச்சிருக்கற உன் அச்சை அவுத்து வெளிய எடுத்து வைக்கச் சொல்றாங்க."

ரோவேனா தலையை மட்டும் ஆட்டினாள்.

"இரு, முடிக்கல. இவனோட அச்சுல இடுப்புப் பக்கம் ஒண்ணரை சென்டிமீட்டர் செதுக்கலாமாம். அதுக்கு மேல கூடாது. நாளைக்கு ஒரு மணிக்குள்ள மறுபடி அளக்கணும். வார் இல்லாம. ரெண்டு விரல் போச்சுன்னா நீ வர்ற. போகலைன்னா இவன் வர்றான்." என்னைப் பார்த்தார். "ஓரின், செதுக்குன எடத்துல அச்சு மெல்லிசாகும். இறங்கறப்போ முதுகு உன்னைத் திட்டும்னு டாக்டர் சொல்றார். சம்மதமா?"

"சம்மதம்."

"இன்னொண்ணு. இதெல்லாம் எழுதி வைக்கிறாங்க. அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்காது உனக்கு. புரியுதா?"

புரிந்தது.

இன்று காலை ஏழு மணியிலிருந்து அந்த வேலை. கலத்தின் கதவோரம் இரண்டு அச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி வைத்திருந்தோம், ரோவேனாவுடையது சின்னது, என்னுடையது பெரியது. இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்காகவோ காத்திருக்கும் ஆட்களைப் போலிருந்தன. இங்கே எதையும் சும்மா செதுக்க முடியாது. தூள் பறந்து கண்ணுக்குள், நுரையீரலுக்குள் போகும். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் அச்சைப் போட்டு, பையில் கை நுழைக்க மட்டும் ஓட்டை விட்டு, கோஸ்த்யா உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொள்ள, அர்காதி இவானோவிச் கத்தியால் சுரண்டினார். என்னைத் தொடவிடவில்லை. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். அவர் கை தளர்ந்தபோது ரோவேனா கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"நீ செய்யக் கூடாதும்மா," என்றார் ஹாலிஸ். "உனக்கு ஆசை இருக்கு. கொஞ்சம் கூடுதலா செதுக்கிடுவ."

"அதான் அளவுகோலை நீங்க பிடிங்கன்னு சொல்றேன்," என்றாள் அவள். ஹாலிஸ் பிடித்தார். அதற்குமேல் குழாயின் இரைச்சல் மட்டும். பைக்குள் வெள்ளைத் தூள் பனிபோலச் சுழன்றது.

பன்னிரண்டு இருபதுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் ஆனது. நான் உடையைப் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினேன். வார்கள் எல்லாவற்றையும் ரோவேனாவே அவிழ்த்து விட்டாள், ஒன்று விடாமல், மடிப்புக்குள் இருப்பதையும். நான் மூச்சைப் பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. கைகளை மார்பின்மேல் மிதக்க விட்டேன். முதுகு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் கிடந்தேன். மூன்று வருடத்தில் முதல்முறையாக என் உயரத்துக்கு நான் இருந்தேன் என்று தோன்றியது.

அர்காதி இவானோவிச் விரலை நீட்டினார். பிறகு மடக்கிக்கொண்டார்.

"என் விரலை ஒரு தடவை ஏமாத்தியாச்சு. வேற ஆள் பார்க்கட்டும். ரோவேனா, நீங்க?"

"என் விரல் ஒல்லி," என்றாள் அவள் உடனே. "நான் வெச்சா அது அளவே இல்ல. இங்க யாருக்கு விரல் தடி?"

எல்லாரும் ஹாலிஸைப் பார்த்தோம். ஓக்லஹோமாவில் கன்றுக்குட்டி பிடித்து வளர்ந்த கை அது. ஒவ்வொரு விரலும் ஒரு கேரட். எங்கள் பத்துப் பேரில் அதைவிடத் தடித்த விரல் கிடையாது, அது அவளுக்குத் தெரியும்.

"நிச்சயமாவா?" என்றார் ஹாலிஸ்.

"வைங்க," என்றாள். "என் பையன்கிட்ட போய் நிக்கணும்னா நேரா நிக்கணும்."

என்னால் மேலே பார்க்க முடியாது, கவசம் மறைக்கும். பக்கத்துச் சின்னச் சன்னலில் மட்டும் கண் போனது. கீழே பசிபிக், கரையே இல்லாத நீலம். ஒரு மேகக்கூட்டம் அதன்மேல் மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கடல் முழுவதையும் நாங்கள் அரை மணியில் தாண்டிவிடுவோம், ஆனால் அந்த விரல்கள் வர அதைவிட நேரமானது போலிருந்தது. கவசத்தில் ஒரு உரசல் கேட்டது. பிறகு இன்னொன்று.

"ஒண்ணு போயிடுச்சு," என்றார் ஹாலிஸ். நிறுத்தினார். "ரெண்டாவது... அசையாத, ஓரின். ரெண்டாவதும் போகுது. இறுக்கம்தான். ஆனா போகுது."

"திருப்புங்க. விரலைத் திருப்ப முடியுதா?" இது அர்காதி.

"திருப்புறேன். திரும்புது."

கோஸ்த்யா ரஷ்ய மொழியில் ஏதோ கத்தினான். அதை உனக்கு எழுத முடியாது. ரோவேனா தன் அச்சை அவிழ்த்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விண்ணோடத்தின் பக்கம் மிதந்து போனாள். வளைவில் ஒரு கணம் நின்று கைப்பிடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் சாய்த்தாள். பிறகு போய்விட்டாள்.

மணி ஒன்று ஐம்பது. இரண்டரைக்குக் கதவை மூடுகிறார்கள். தாளை முழங்காலில் ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். என்னைப் பற்றி எங்கே என்ன எழுதினாலும், பேசினாலும், மேலே எழுதியிருப்பதுதான் நடந்தது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உனக்குக் கோபம் வரும். அடுத்த சரக்குக் கலத்தில் கடிதம் போட இடமிருக்கும், திட்டுவதை எழுதி அனுப்பு.

மன்னிப்பு கேட்க ரோவேனாவிடம் சற்று முன் போனேன். "இப்போ வேணாம்," என்றாள். "பூமிக்கு வந்து கேளு. அங்க நான் காலால உதைக்க முடியும்." அதற்குப் பிறகு கையை நீட்டி, "வீட்டுக்கு ஏதாவது குடுக்கணுமா? சீக்கிரம் எழுது," என்றாள்.

உறையின் பசையை நாக்கால் நனைத்தாகிவிட்டது, இந்தக் கடைசித் தாளை உள்ளே தள்ளுவதுதான் பாக்கி. அவள் விண்ணோடத்துக்குப் போகும் சுரங்கப் பாதையின் வாயிலில் காலை மாட்டிக்கொண்டு, கையை நீட்டியபடி, கடிகாரத்தைப் பார்க்கிறாள். மடித்து, ஒட்டி, அழுத்தி, அவளிடம் கொடுக்கிறேன்.

உன் தம்பி,
ஓரின்